ஆற்றில் தண்ணீர் வருவதற்குள்: டெல்டா ஊர்களின் கோடைப் பயிற்சிகளில் எது காசுக்குத் தகும்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம், திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் பக்கம் பெற்றோர் விசாரிக்க வர ஆரம்பித்துவிடுவார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைகாலப் பயிற்சி முகாம், அதே ஆணையத்தின் நீச்சல் பயிற்சி, கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வரும் ஜவகர் சிறுவர் மன்றங்களின் கலைப் பயிற்சி, பூங்காக்களில் தனியார் நடத்தும் ஸ்கேட்டிங், யோகா எல்லாம் ஏப்ரல் கடைசிக்கும் மே கடைசிக்கும் நடுவில் வந்து குவியும். ஒரு பிள்ளையை எல்லாவற்றிலும் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. வீட்டில் நீச்சல் தெரியாத பிள்ளை இருந்தால் முதல் காசு நீச்சலுக்குத்தான். மற்ற எதுவும் அடுத்த கோடைக்குத் தள்ளலாம். இது தள்ளக்கூடியதல்ல.

காரணம் நம் ஊர் ஆறுகள்தான். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. மே மாதம் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிய அதே மணலில் ஜூன் கடைசியில் ஆள் முங்கும் தண்ணீர் ஓடும். மணல் அள்ளிய குழிகள் அப்போது கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துபோகிறவன் அடுத்த அடியில் காணாமல் போவது இப்படித்தான். அணை திறப்பும் எல்லா வருடமும் ஒரே நாளில் இருப்பதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை போனது. ஆகவே "ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கடைசி பேட்சுக்குக் காத்திருப்பது நல்ல யோசனை இல்லை.

ஆணையத்தின் நீச்சல் பயிற்சி 12 நாள் கொண்டது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, குளத்தைச் சுத்தம் செய்ய விடுமுறை. ஏப்ரல் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் முதல் வாரம் வரை பேட்ச் பேட்சாக எடுப்பார்கள். கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி தனியாக வரும். பேனரில் போட்டிருக்கும் தொகை அது சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொண்டு போனால் கவுன்ட்டரில் சில்லறைக்கு அலைய வேண்டாம். ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ கையில் இருக்கட்டும். வலிப்பு, காதில் சீழ், தோல் நோய் இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் இறக்கவே கூடாது. இதை மறைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. வலிப்பை மறைப்பது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது; தண்ணீருக்குள் வரும் வலிப்பு மேலே இருப்பவர் கண்ணுக்கு விளையாட்டுப்போலத்தான் தெரியும்.

மே முதல் வாரத்தில் தொடங்கும் பேட்சில்தான் நெரிசல் அதிகம். எல்லாப் பள்ளியும் விட்டிருக்கும், வெளியூரில் இருந்து பேரப்பிள்ளைகள் தாத்தா வீட்டுக்கு வந்திருப்பார்கள். தேர்வு சீக்கிரம் முடிகிற வகுப்பு என்றால் ஏப்ரல் பிற்பாதி பேட்சைப் பிடியுங்கள். கத்திரி வெயில் மே 4 வாக்கில்தான் தொடங்குகிறது. அதற்குள் பாதிப் பயிற்சி முடிந்துவிடும். நேரத்தில் காலை 7 மணி பேட்ச்தான் எங்கள் தேர்வு. 6 மணிக்குத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். ஒல்லியான பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்தில் உதடு நீலம் பாரித்துவிடும், அதற்குப் பிறகு கோச் சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. மாலை பேட்சில் வேறு சிக்கல். நாள் முழுக்க வெயில் அடித்த குளத்தில் குளோரின் குறைந்துபோகும். சூரிய ஒளியே அதைச் சிதைத்துவிடும். மத்தியானம் மறுபடி மருந்து போடுகிற குளமாக இருந்தால் மாலையும் நல்லதுதான். போடுகிறார்களா என்று பம்ப் ரூம் ஆளிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

பணம் கட்டுவதற்கு முன் குளத்தை ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆழமான பக்கத்தில் நின்று அடித்தரையில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. தெரியவில்லை என்றால் அந்தத் தண்ணீரில் பிள்ளையை இறக்காதீர்கள். கிருமி ஒரு பக்கம் இருக்கட்டும், மூழ்கிக் கிடக்கும் பிள்ளையை மேலிருந்து யாராலும் பார்க்க முடியாது என்பதே பெரிய ஆபத்து. அந்த மூடி திருகு போட்டு இறுக்கியிருக்க வேண்டும், ஆடக்கூடாது, உடைந்திருக்கக்கூடாது. பம்ப் ஓடும்போது அதன் இழுவை ஒரு பிள்ளையின் கையையோ கூந்தலையோ பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கும்.

மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் "குளோரின் நிறைய போடுகிறார்கள், சுத்தமாக இருக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. அந்த வாடையும் கண் எரிச்சலும் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமீனால் வருபவை. இறங்குமுன் யாரும் குளிக்காத குளத்தில்தான் அது மிகும். தண்ணீரில் தனிக் குளோரின் (அழுக்கோடு சேராமல் கிருமியைக் கொல்ல மிச்சம் இருப்பது) 1 முதல் 3 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 1 முதல் 3 பங்கு, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருந்தால் சரி. நல்ல குளங்களில் இந்த இரண்டையும் தினம் சோதித்து ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். பலகையில் போன மாதத் தேதி இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். டெல்டாவில் இன்னொரு விஷயமும் உண்டு: இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீரில் குளோரின் போட்டால் லேசான பழுப்பு ஏறும். கலர் மட்டும் அப்படி இருந்து அடித்தரை தெளிவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பச்சையாகவும் சுவர் வழுவழுப்பாகவும் இருந்தால் அது பாசி. அங்கே மருந்தும் இல்லை, தேய்ப்பும் இல்லை.

அடுத்தது ஆள் கணக்கு. தண்ணீருக்குள் நிற்கும் கோச் எத்தனை பேர், கரையில் கண்காணிக்கும் உயிர்காப்பாளர் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். கரையில் நிற்பவர் சொல்லிக்கொடுக்கக்கூடாது. அவர் வேலை பார்ப்பது மட்டும்தான். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு கோச் இருந்தால் 12 நாளில் பலன் கிடைக்கும். முப்பது பேரை ஒருவர் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு அவர் கை படும் நேரம் இரண்டு நிமிடம். மீதி நேரம் கம்பியைப் பிடித்துக் காலை அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நெரிசல் பேட்சுகளில் இந்தக் குறைதான் மற்ற எல்லாக் குறையையும் விடப் பெரியது. அதனால்தான் கூட்டம் குறைந்த பேட்சாகப் பார்த்துச் சேர்க்கச் சொல்கிறோம்.

12 நாளில் என்ன நடக்க வேண்டும்? முதல் இரண்டு நாள் மூச்சு மட்டும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயாலும் மூக்காலும் குமிழி விட வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத வேலை. அவசரப்படும் பெற்றோர் "இன்னும் நீச்சலே ஆரம்பிக்கவில்லையே" என்று கோச்சை நெருக்குவது இங்கேதான். ஆனால் முழுப் பயிற்சியும் இந்தக் குமிழியில்தான் நிற்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் தண்ணீருக்குள் மூச்சை அடக்குவார்கள், விட மாட்டார்கள். பிறகு தலையைத் தூக்கியதும் பழைய காற்றை வெளியே விட்டுப் புதுக் காற்றை இழுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அரை வினாடிதான் கிடைக்கும். பாதி இழுக்கும்போதே முகம் திரும்ப உள்ளே போய், காற்றோடு தண்ணீரும் இறங்கும். இருமல், பயம், மறுநாள் "வயிறு வலிக்குது, நான் வரல." குமிழி விடப் பழகிய பிள்ளைக்கு மேலே வந்ததும் இழுக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். இந்தப் பகுதியை வீட்டில் ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தே பழக்கலாம்: பெரியவர் பக்கத்தில் இருக்க, முகத்தை வைத்து ஐந்து எண்ணும் வரை குமிழி, தூக்கி ஒரு மூச்சு, மறுபடி குமிழி, பத்து முறை.

மூன்று நான்காம் நாள் மிதத்தல். குப்புற ஒன்று, மல்லாந்து ஒன்று. மல்லாந்து மிதக்கும்போது காது தண்ணீருக்குள் போக வேண்டும், பார்வை வானத்தில் இருக்க வேண்டும். தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தால் இடுப்பு மடிந்து உடல் உட்கார்ந்த நிலைக்கு வந்து மூழ்கும். அதன் பிறகு சுவரை இரண்டு காலாலும் உதைத்து நீண்டு வழுக்கிச் செல்வது. ஐந்தில் இருந்து ஏழு வரை கிக் போர்டு, அதாவது கையில் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைப்பது. இங்கே வரும் தவறு முழங்காலில் இருந்து உதைப்பது. சைக்கிள் மிதிக்கிற பழக்கம் அப்படியே வந்து நிற்கும். தண்ணீர் தெறிக்கும், பிள்ளை நகராது. உதை இடுப்பில் இருந்து வர வேண்டும், கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும். எட்டு முதல் கை வீச்சு, பத்தாம் நாள் வாக்கில் பக்கவாட்டில் மூச்சு. இந்த வரிசை ஓரிரு நாள் முன்பின் ஆகலாம், ஆனால் தலைகீழாகக் கூடாது. மூன்றாம் நாளே கை வீச வைத்து வீடியோ எடுக்கவிடும் இடங்களில் பத்தாம் நாள் பிள்ளை தலையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கிக் கொண்டிருக்கும்.

கையில் மாட்டும் காற்றுப் பட்டை, இடுப்பு டியூப் இரண்டையும் பயிற்சிக்கு வேண்டாம் என்றே சொல்வோம். அவை உடலைச் செங்குத்தாக நிறுத்திவிடும். நீச்சலுக்கு வேண்டியது படுத்த நிலை. மாட்டிக்கொண்டால் மூழ்க மாட்டோம் என்று பிள்ளை நம்பிவிடும், பிறகு மாட்டாமல் குதிக்கும்.

12 நாள் முடிவில் ஒழுங்காக வந்த பிள்ளை குளத்தின் குறுக்கே பத்துப் பதினைந்து மீட்டர் நீந்தும். சான்றிதழும் கிடைக்கும். இதை வைத்து "என் மகனுக்கு நீச்சல் தெரியும்" என்று ஆற்றில் விடுவதுதான் இந்தப் பயிற்சியால் வரக்கூடிய பெரிய கெடுதல். குளத்தில் தண்ணீர் நிற்கிறது, அடி தெரிகிறது, பிடிக்கக் கம்பி இருக்கிறது. ஆற்றில் மூன்றும் இல்லை. பாடத்திட்டத்தில் இந்த இடைவெளியை நிரப்ப வழக்கமாக நேரம் ஒதுக்குவதில்லை. இந்தப் பயிற்சியின் மேல் எங்களுக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். ஆனால் கேட்டால் செய்கிற கோச்சுகள் இருக்கிறார்கள். கடைசி இரண்டு நாளில் நான்கு காரியம் கேளுங்கள். அசையாமல் மல்லாந்து ஒரு நிமிடம் மிதத்தல். கால் எட்டாத இடத்தில் நின்ற நிலையில் தலை மேலே இருக்க ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தல். எதிர்பாராமல் குதித்து, மேலே வந்து, திரும்பி, சுவரைப் பிடித்தல். இந்த மூன்றையும் சட்டை கால்சட்டையோடு ஒரு முறை செய்துபார்த்தல். கடைசியது முக்கியம். நம் ஊரில் வாய்க்காலில் தவறி விழும் பிள்ளை காஸ்ட்யூம் போட்டுக்கொண்டு விழுவதில்லை. நனைந்த துணி கையைத் தூக்கவிடாது என்பதை உயிர்காப்பாளர் பக்கத்தில் இருக்கும்போதே அது உணரட்டும்.

ஆற்றைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் உண்டு. தஞ்சாவூருக்குள் ஓடும் கல்லணைக் கால்வாய், நம் பெரியவர்கள் சொல்லும் புது ஆறு, 1934-ல் மேட்டூர் அணையோடு வந்தது. இப்போது நகரப் பகுதியில் அதன் சரிவு கான்கிரீட். பார்க்க ஆழம் தெரியாது. பாசி பிடித்த சரிவில் கை வைத்தால் வழுக்கும், மண் கரைபோலப் புல்லையோ வேரையோ பிடித்து ஏற முடியாது. அதில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே ஏற முயன்று களைத்துப்போகக் கூடாது. மல்லாந்து, காலை முன்னே நீட்டி, ஓட்டத்தோடு போய்க்கொண்டே கரைப்பக்கம் சாய்ந்து, படியோ ஏணியோ வரும் இடத்தில் பிடிக்க வேண்டும். உதவிக்கு இன்னொருவர் கிடைக்கும் வரை மிதப்பதுதான் வேலை. மதகுக்கும் நீரொழுங்கிக்கும் அருகில் குளிக்கவே கூடாது: மேல்பக்கம் ஷட்டர் அடியில் இழுவை, கீழ்ப்பக்கம் விழும் தண்ணீர் உள்ளே சுருட்டிப் பிடிக்கும் சுழல். நன்றாக நீந்துகிறவரையும் அந்தச் சுழல் விடாது.

இன்னொரு பிள்ளை மூழ்குவதைப் பார்த்தால் குதிக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போவது டெல்டாவில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், கம்பு நீட்ட வேண்டும், துண்டோ புடவையோ வீச வேண்டும். மூடி போட்ட காலி 5 லிட்டர் கேன் ஒன்று கயிற்றோடு இருந்தால் பெரியவரையே மிதக்க வைக்கும். இதையும் குளக்கரையில் ஒரு முறை செய்துகாட்டச் சொல்லலாம். பத்து நிமிட வேலை.

சாமான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நைலான் காஸ்ட்யூம், தொப்பி, கண்ணாடி போதும். பருத்தித் துணியைப் பல குளங்களில் அனுமதிப்பதில்லை, நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். கண்ணாடியை ரப்பர் மாட்டாமல் கண்ணில் அழுத்திப் பாருங்கள், ஓரிரு வினாடி தானாக ஒட்டி நின்றால் அளவு சரி. தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்பாதீர்கள். காதில் எண்ணெய் விடவே வேண்டாம். தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு வெளிக்காதைத் துடைத்தால் போதும். இறங்குமுன் இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு முட்டச் சாப்பாடு கூடாது, ஆனால் வெறும் வயிறும் கூடாது: ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் பால். முடிந்து வந்ததும் அகோரப் பசி எடுக்கும். நீராகாரமும் பழைய சோறும் இதற்கென்றே அமைந்தவை. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் கோச்சும் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். சொல்லும் நேரம் ஒன்று, நடப்பது ஒன்றாக இருந்தால் எழுத்தில் கொடுத்துக் கேட்கலாம். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் என்று ஒருவர் அரங்கத்திலேயே இருக்கிறார்.

நீச்சல் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளுக்கு ஆணையத்தின் பொதுக் கோடை முகாம் நல்ல தேர்வு. சமீப ஆண்டுகளில் இரண்டு மூன்று வாரம், காலையும் மாலையும், 18 வயது வரை. தடகளம், வாலிபால், கபடி, ஹாக்கி, கால்பந்து என்று மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கொடுக்கும் கட்டணத்துக்கு இது மலிவு. இரண்டு மூன்று வாரத்தில் யாரும் ஆட்டக்காரர் ஆகிவிட மாட்டார்கள். பிள்ளைக்கு எந்த ஆட்டம் பிடிக்கிறது, உடம்பு எதற்கு ஒத்துழைக்கிறது என்று கோச் கண்டுபிடிக்கும் இடம் இது. நல்ல கோச்சாக இருந்தால் முகாம் முடிந்த பிறகும் வரச் சொல்லுவார். அப்படி அழைப்பு வந்தால் சான்றிதழை விட அது பெரிது.

ஒரே எச்சரிக்கை, தரை. டெல்டா மண் களி. மே மாதம் கல்லாக இறுகி, விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முந்தின மாலை தண்ணீர் தெளித்துச் செம்மண்ணோ மணலோ பரப்பாத மைதானத்தில் தினம் இரண்டு வேளை ஓடினால் நாலாம் நாளே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடிக்கும். குதிகால் தடிமனான ஷூ, சரியாக நனைத்த தரை, வலி வந்தால் இரண்டு நாள் ஓய்வு. கோச் "ஓடினால் சரியாகிவிடும்" என்றால் கேட்காதீர்கள். வெயிலில் ஆடும் பிள்ளைக்குத் தண்ணீரோடு உப்பும் வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது. கோடைப் பயிற்சியை அறிமுகமாக வைத்துக்கொண்டு, பிடித்துப்போனால் ஆண்டு முழுக்க நடக்கும் சனி ஞாயிறு வகுப்பில் தொடருங்கள். பரதமோ ஓவியமோ சில நாளில் முடிகிற சமாச்சாரம் அல்ல.

எல்லாவற்றையும் மே மாதத்திலேயே திணிப்பது டெல்டாவுக்குப் பொருந்தாத ஏற்பாடு. டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் வடகிழக்குப் பருவமழையில் மைதானம் சேறாகக் கிடக்கும், சரி. ஆனால் பொங்கல் முடிந்து மார்ச் வரை இங்கே இருக்கும் குளிர்ந்த காலையும் காய்ந்த தரையும் வேறு எந்த மாதத்திலும் கிடையாது. அந்த இரண்டு மாதத்தில் சனி ஞாயிறு முகாம் போட்டால் பாதிப் பிள்ளைகளின் முன்னெலும்பாவது தப்பிக்கும்.

நீச்சலைப் பொறுத்தவரை, பள்ளி திறந்த பிறகு குளத்தில் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். கோச்சுக்கு நேரம் இருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். மணிக்கணக்கில் கட்டணம் கட்டி நீந்த அனுமதிக்கும் நேரங்களைக் கேட்டுக்கொண்டு, ஜூலையில் இரண்டு மூன்று ஞாயிறு பிள்ளையை மறுபடி கூட்டிப்போங்கள். மேலே சொன்ன நான்கு காரியத்தையும், சட்டையோடு மிதப்பது உள்பட, ஆடிப்பெருக்குக்குப் படித்துறை கூட்டமாவதற்குள் இன்னொரு முறை செய்ய வையுங்கள்.